கொங்கு வீட்டுச் சாப்பாடு: கம்மங்கூழ் முதல் ஒப்புட்டு வரை

நீங்கள் திருவாரூர்ப் பக்கம், கணவர் வீடு கோபிசெட்டிபாளையம், குடியிருப்பு பெங்களூரில். அத்தையும் மாமாவும் வந்து கொஞ்ச நாள் தங்கப் போகிறார்கள். வந்தவுடன் குடிக்கக் கொடுப்பதில் தொடங்கிக் கடைசி இனிப்பு வரை அவர்கள் ஊர் ருசியில் வீட்டிலேயே செய்ய வேண்டும், அதற்கு எந்தக் கடையின் 'கொங்கு மசாலா' நன்றாக இருக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். மசாலாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: எதையும் வாங்காதீர்கள். மஞ்சள், வரமிளகாய், மல்லி, சீரகம், மிளகு, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தேங்காய். இவ்வளவு இருந்தால் எங்கள் சமையல் நடந்துவிடும். பட்டை, கிராம்பு, சோம்பு எல்லாம் கறிக்குழம்பில் கொஞ்சம் எட்டிப் பார்க்கும். அன்றாடச் சமையலில் அவற்றுக்கு வேலை இல்லை. ஓட்டல்களில் 'கொங்கு ஸ்டைல்' என்று எழுதிவிட்டுக் கரம் மசாலா வாசனையோடு கொண்டுவந்து வைப்பதை எங்கள் ஊர்க்காரர்கள் மரியாதைக்குச் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான்.

டெல்டாக்காரருக்கு இந்தச் சாப்பாடு பிடிபட வேண்டுமென்றால் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று விரியும் எங்கள் பக்கத்தில் பெரும்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. காவிரியும் பவானியும் அமராவதியும் ஓடுகின்றன, ஆனால் ஆற்றோரம் போக மற்றதெல்லாம் மானாவாரியும் கிணற்றுப் பாசனமும்தான். பவானிசாகர் அணை கட்டி முடிந்ததே 1955இல். கொடிவேரி அணைக்கட்டின் வாய்க்கால் பாய்வதால் உங்கள் கோபியில் பழைய நாளிலிருந்தே நெல் உண்டு, அது விதிவிலக்கு. மற்ற ஊர்களில் கம்பும் சோளமும் ராகியும் வயிற்றை நிரப்பின, நெல்லுச்சோறு நோம்பி நாளுக்கு, அதாவது பண்டிகைக்கு. அந்தக் கம்மஞ்சோற்றையும் களியையும் தொண்டையில் இறக்க உதவியவை கொள்ளு, தட்டை, பச்சைப்பயறு, துவரை, அவரை. ஆகவே எங்கள் சாப்பாட்டில் ராஜா பருப்புதான். நீங்கள் புளியைக் கரைத்துவிட்டுத்தான் அடுப்பையே பற்றவைப்பீர்கள். நாங்கள் பயற்றை வறுத்துவிட்டு. ஒரு பயறு வெந்தால் பயறு கடைசலாகும், தண்ணீர் ரசமாகும். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது எல்லாம் சுலபம்.

குடிக்க என்றால் கம்மங்கூழ். முதல் நாளே செய்து வைக்க வேண்டும். ஒரு கப் கம்பைக் கழுவி வடித்துப் பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். ஈரம் ஏறியதும் மிக்சியில் விட்டு விட்டு நாலைந்து சுற்று ஓட்டினால் உமி கழன்றுவிடும். அதைப் புடைத்துத் தள்ளிவிட்டு மறுபடி ஓட்டிக் குருணையாக்குங்கள். சலித்து மாவைத் தனியே, குருணையைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு கப் தண்ணீர் கொதித்ததும் உப்பும் குருணையும் போட்டு வேகவிட்டு, பாதி வெந்ததும் மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கிளறுங்கள். சிறு தீ போதும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். சுடச் சுடச் சாப்பிட்டால் கம்மஞ்சோறு. ஆறவிட்டு உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை கூழ். நல்ல புளித்த மோர் விட்டுக் கரைத்துச் சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, பக்கத்தில் வறுத்த மோர் மிளகாய். உங்கள் மாமா வயதுக்காரர்களுக்கு இதைச் சொம்பில் கொடுத்துப் பாருங்கள், காப்பியைக் கேட்கவே மாட்டார்கள். பெங்களூர்க் கடைகளில் கம்பை 'சஜ்ஜெ' என்று கேளுங்கள். கொள்ளுக்கு 'ஹுருளி காளு', தட்டைப்பயறுக்கு 'அலசந்தெ காளு'. மூன்றுமே அங்கு நன்றாகக் கிடைக்கும், அந்த வகையில் கவலை இல்லை.

சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க ஏதாவது வேண்டுமென்றால், குழந்தைகள் இருக்கிற வீட்டில் சேலத்துத் தட்டுவடை செட் நல்ல யோசனை. தட்டுவடையை வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சின்னதாக, மொறுமொறுவென்று இருக்க வேண்டும். வரமிளகாயும் பூண்டும் உப்பும் அரைத்த கார சட்னி ஒன்று, புதினா கொத்தமல்லி பச்சை மிளகாய்ச் சட்னி ஒன்று. ஒரு தட்டுவடையில் ஒரு சட்னி தடவி, துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம் வைத்து, மற்ற சட்னி தடவிய இன்னொரு தட்டுவடையால் மூடி, எலுமிச்சை இரண்டு சொட்டு. செய்த உடனே வாயில் போட வேண்டும்; ஐந்து நிமிடம் ஆனால் நமத்துவிடும். கோவை ரோட்டோரக் காளானையும் சிலர் கொங்கு உணவு என்கிறார்கள். அதில் காளானைவிட முட்டைக்கோஸ்தான் அதிகம், ஆனாலும் சாயங்காலம் அந்த வண்டிகளைச் சுற்றி நிற்கும் கூட்டத்தில் நானும் உண்டு. வீட்டுக்கு வேண்டாம், அது தெருவில்தான் ருசி.

இனி இலைக்கு வருவோம். முதல் சோறு பருப்புக்கு. எங்கள் வீடுகளில் முதலில் பருப்பும் நெய்யும், அப்புறம் குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் தயிரோ மோரோ. அந்தப் பருப்பு துவரையாகவும் இருக்கலாம், ஆனால் ஊர் நினைவு வர வேண்டுமென்றால் கொள்ளுதான்.

ஒரு கப் கொள்ளைக் கல் அரித்து எடுங்கள். இதில் அவசரம் வேண்டாம். கொள்ளில் அதே நிறத்தில், அதே அளவில் கல் இருக்கும். வெறும் வடச்சட்டியில் சிறு தீயில் வாசனை வரும்வரை வறுத்து, கழுவி, ஐந்து கப் தண்ணீர் விட்டுக் குக்கரில் ஏழெட்டு விசில் விடுங்கள். வறுத்த கொள்ளை ஊறவைக்கத் தேவையில்லை. விரலால் நசுக்கினால் மாவாக நசுங்க வேண்டும், அதுவரை விடாதீர்கள். அரைகுறையாக வெந்த கொள்ளைப் போல வயிற்றோடு சண்டை போடுவது வேறில்லை. வெந்ததும் தண்ணீரைப் பொட்டு விடாமல் தனியே வடித்து வையுங்கள்.

கடலை எண்ணெய் ஒரு கரண்டி காய வைத்து, சின்ன வெங்காயம் பதினைந்து, பூண்டு ஆறு பல், வரமிளகாய் நாலு, மல்லி ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், கறிவேப்பிலை, ஒரே ஒரு தக்காளி. வதங்கியதும் கொள்ளோடு சேர்த்து உப்புப் போட்டு மண்சட்டியில் மத்தால் கடையுங்கள். மத்து இல்லையென்றால் மிக்சியில் இரண்டே சுற்று. மைய அரைத்தால் பருப்பு செத்துப்போகும். அங்கங்கே கொள்ளு பல்லில் படவேண்டும். கடைசியில் கடுகு, கறிவேப்பிலை, இரண்டு வரமிளகாய் கிள்ளிப்போட்டுத் தாளிப்பு. கெட்டியாக, சோற்றில் போட்டால் ஓடாமல் நிற்கும் பதத்தில் இருக்கட்டும். மேலே நெய் விடலாம், நல்லெண்ணெயும் விடலாம். நான் நல்லெண்ணெய்க் கட்சி. கொள்ளின் முரட்டு வாசனைக்கு நல்லெண்ணெய்தான் ஈடுகொடுக்கும், நெய் அங்கே தோற்றுவிடும்.

வடித்த தண்ணீர்தான் ரசம். நெல்லிக்காய் அளவு புளி போதும், உங்கள் கை பழக்கத்துக்கு அதிகமாகக் கரைக்கத் தோன்றும், அடக்கிக்கொள்ளுங்கள். மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், பூண்டு நாலு பல், ஒரு வரமிளகாய், இரண்டு சின்ன வெங்காயம் இவற்றைக் கொட்டுரலில் நசுக்குங்கள். தக்காளி ஒன்றைப் பிசைந்து, புளித்தண்ணீர், மஞ்சள், உப்பு, நசுக்கிய சாமான் எல்லாம் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டு, அப்புறம் கொள்ளுத் தண்ணீரை ஊற்றுங்கள். நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கடைந்த கொள்ளில் ஒரு ஸ்பூன் எடுத்து இதில் கரைத்துவிட்டால் ரசத்துக்கு ஒரு உடம்பு வரும். சளி பிடித்தவர்களுக்கு இதை டம்ளரில் ஊற்றிக் குடிக்கக் கொடுப்போம். இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது உங்கள் ஊரிலும் சொல்வார்கள்தானே, எங்கள் ஊரில் இளைத்தவனும் கொள்ளுதான் சாப்பிடுவான். பிரசவமான பெண்களுக்குச் செலவு ரசம் என்று ஒன்று வைப்பார்கள். திப்பிலி, சித்தரத்தை மாதிரி மருந்துச் சாமான்கள் சேர்ந்தது; நாட்டு மருந்துக் கடையில் 'செலவுச் சாமான்' என்று கேட்டால் மொத்தமாகக் கட்டிக் கொடுப்பார்கள். விருந்துக்கு அது வேண்டாம்.

குழம்புக்குத் தட்டைப்பயறு கத்தரிக்காய். முக்கால் கப் தட்டைப்பயறை வறுத்து மூன்று நாலு விசிலில் வேகவையுங்கள், முழுசாக நிற்க வேண்டும், குழையக் கூடாது. ஒரு ஸ்பூன் எண்ணெயில் சின்ன வெங்காயம் பத்து, பூண்டு நாலு பல், வரமிளகாய் நாலைந்து, மல்லி ஒன்றரை ஸ்பூன், அரை ஸ்பூன் சீரகம், நாலு மிளகு வதக்கி, மூன்று ஸ்பூன் தேங்காய்த் துருவலும் கடைசியில் சேர்த்துப் புரட்டி நைசாக அரையுங்கள். கடுகு தாளித்து, வெங்காயம் தக்காளி வதங்கியதும் நாலாகக் கீறிய சின்னக் கத்தரிக்காய், மஞ்சள், அரைத்த விழுது, பயறு வெந்த தண்ணீரோடு பயறு. கத்தரிக்காய் வெந்தபின் கொஞ்சமாகப் புளித்தண்ணீர். முதலிலேயே புளியை ஊற்றினால் காய் வேகாமல் அடம்பிடிக்கும். குழம்பு இட்லிக்கும் ஆகும், ராகிக் களிக்கு இதைவிடப் பொருத்தம் வேறில்லை.

பக்கத்தில் ஒரு கீரை கடைசல். மழை பெய்தபின் எங்கள் காடுகளில், அதாவது மானாவாரி நிலங்களில், பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டிக்கீரை என்று தானாக முளைக்கும். எல்லாவற்றையும் கலந்து பறித்துவந்து கடைவார்கள். அது பெங்களூரில் கிடைக்காது, அரைக்கீரையோ சிறுகீரையோ போதும். சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், சீரகம் போட்டு, மூடாமல் வேகவைத்து, தண்ணீரை இறுத்துவிட்டுக் கடையுங்கள். இறுத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், பதத்துக்கு வேண்டியதைத் திரும்ப ஊற்றிக்கொள்ளலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேலே சொன்னது இலை போட்டுச் சாப்பிடும் சாப்பாடு. ஆனால் ரயிலிலிருந்து களைத்து இறங்கி வருகிற அத்தைக்கும் மாமாவுக்கும் முதல் ராத்திரிக்கு என்ன செய்வது என்று கேட்டால், யோசிக்கவே வேண்டாம், அரிசிம்பருப்பு. ஊருக்குப் போய்வந்த நாள், காய்ச்சல் விட்ட நாள், வீட்டில் காய் ஒன்றுமில்லாத நாள், வெளியே மழை கொட்டுகிற நாள், எல்லாவற்றுக்கும் எங்கள் வீடுகளில் ஒரே பதில் இதுதான். நீங்கள் இருக்கும் ஊரின் பிசிபேளாபாத்தையோ நம் சாம்பார் சாதத்தையோ மனதில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். புளி கிடையாது, பொடி கிடையாது, காய்கறி கிடையாது. கேரட்டும் பீன்சும் போட்டால் அது வேறு ஏதோ.

ஒரு கப் பொன்னி புழுங்கல் அரிசிக்கு மூன்றில் ஒரு பங்கு கப் துவரம்பருப்பு. இரண்டையும் சேர்த்துக் கழுவிக் கால் மணி நேரம் ஊறவிடுங்கள். சீரகம் ஒரு ஸ்பூன், மிளகு அரை ஸ்பூன், பூண்டு ஏழெட்டுப் பல், இதில் பாதியைக் கொட்டுரலில் நசுக்கி, மீதியை முழுசாக வையுங்கள். குக்கரில் கடலை எண்ணெய் இரண்டு ஸ்பூன், தேங்காய் எண்ணெய் பிடிக்குமென்றால் ஒரு ஸ்பூன் அதிலும். கடுகு, சீரகம், கிள்ளிய வரமிளகாய் மூன்று, கறிவேப்பிலை ஒரு கொத்து. அப்புறம் சின்ன வெங்காயம் பதினைந்து இருபது. நறுக்கலாம், ஆனால் சின்னதாக இருந்தால் முழுசாகவே போடுங்கள். வெந்த சோற்றுக்குள் ஒரு முழு வெங்காயம் இனிப்பாக அகப்படுவது இந்தச் சாப்பாட்டின் சந்தோஷங்களில் ஒன்று. பெரிய வெங்காயம் போட்டால் அந்த இனிப்பு வராது, பஞ்சம் என்றாலும் சின்ன வெங்காயமே வாங்குங்கள். வெங்காயம் கண்ணாடியானதும் நசுக்கிய சாமான், மஞ்சள் கால் ஸ்பூன், இரண்டு மூன்று ஸ்பூன் தேங்காய்த் துருவல், ஒரு புரட்டு. மூன்றேகால் கப் தண்ணீர் கொதித்ததும் உப்பு, அரிசி பருப்பு. மூன்று விசில், அடுப்பை அணைத்து ஆவி தானாக அடங்கட்டும். திறந்ததும் ஒரு கரண்டி நெய் ஊற்றிக் கரண்டிக் காம்பால் கிளறுங்கள். பருப்பு மலர்ந்து, சோறு குழையாமல், ஆனால் உதிரியாகவும் இல்லாமல் இருக்க வேண்டும்.

தக்காளி போடலாமா என்பது எங்கள் ஊரில் தீராத வழக்கு. கோவைப் பக்கம் பல வீடுகளில் ஒன்று போடுவார்கள். எனக்குத் தக்காளி போடாததுதான் சரி. பருப்பும் சீரகமும் பூண்டும் தனித்துப் பேச வேண்டிய இடத்தில் அது நடுவில் புகுந்து பேசுகிறது. உங்கள் அத்தை எந்தக் கட்சி என்று கணவரிடம் முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள், இதில் என் பேச்சைக் கேட்டு மாட்டிக்கொள்ளாதீர்கள். தொட்டுக்கொள்ளக் கெட்டித் தயிர், சுட்ட அப்பளம், மாங்காய் ஊறுகாய். உருளைக்கிழங்கு வறுவல் இருந்தால் குழந்தைகள் சண்டை போடாமல் சாப்பிடும். தட்டில் நடுவில் குழி பறித்து நெய் விட்டு ஒரு ஓரத்தில் தயிர், இப்படித்தான் பரிமாற வேண்டும். மேலே தயிரைக் கொட்டிவிடாதீர்கள்.

கறி விஷயம். புரட்டாசிச் சனிக்கிழமை, அமாவாசை, கிருத்திகை பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. செய்வதென்றால் பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தில், ஈரோட்டுக்கு நேர் எதிரே காவிரியின் அக்கரையில் இருக்கிற விசைத்தறி ஊர். ஊரின் பேரிலேயே ஒரு கறி தமிழ்நாடு முழுக்கப் போய்விட்டது, போன இடத்திலெல்லாம் கெட்டும் போய்விட்டது. மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது, சோயா சாஸ்கூடச் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். அசலில் பொடியே கிடையாது.

அரைக் கிலோ கோழியை எலும்போடு சின்னச் சின்னத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள், குழம்புத் துண்டைவிடச் சிறியதாக. வரமிளகாய் இருபது எடுத்துக் கிள்ளி, விதை முழுவதையும் தட்டி எடுத்துவிடுங்கள். எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், விதை போய்விட்டால் காரம் பாதி போய்விடும், மணமும் நிறமும் நிற்கும். கர்நாடகத்தில் கிடைக்கிற ப்யாடகி மிளகாய்க்கு நிறம் அதிகம், காரம் குறைவு. அதில் பாதி, குண்டூர் மிளகாயில் பாதி போட்டால் கணக்குச் சரியாக இருக்கும். வடச்சட்டியில் நாலு ஸ்பூன் எண்ணெய். கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ. மிளகாயைப் போட்டுக் கருகவிடாமல் சில நொடி புரட்டி, உடனே நறுக்கிய சின்ன வெங்காயம் இரண்டு கைப்பிடி, தட்டிய பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை தாராளமாக. வெங்காயம் வதங்கியதும் கோழி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றாதீர்கள், கோழியே தண்ணீர் விடும். மூடி பத்து நிமிடம், அப்புறம் மூடியை எடுத்துவிட்டுச் சுருளச் சுருள வதக்குங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் பல்லுப் பல்லாக நறுக்கிய தேங்காய். எண்ணெய் பிரிந்து, துண்டுகளின் மேல் மிளகாய்த் தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது இறக்குங்கள். நாட்டுக்கோழியென்றால் தனியே கொஞ்சம் தண்ணீர் தெளித்து வேகவைத்துவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் மிளகாய் கருகும், கோழி வேகாது. அரிசிம்பருப்புக்குப் பக்கத்தில் இதை வைத்தால் மாமா இரண்டாவது தடவை கேட்பார்.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. 2019இல் ஈரோடு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மஞ்சளில் கால் ஸ்பூன் போதும். எங்கள் ஊர்க்காரர் என்பதால் அள்ளிப் போடுவோம் என்று நினைக்காதீர்கள், அதிகமானால் கசக்கும்.

மோருக்கும் தயிருக்கும் நான் சொல்ல ஒன்றுமில்லை, உங்களுக்குத் தெரியும். நெய்க்கு மட்டும், முடிந்தால் நல்ல வெண்ணெய் வாங்கி வீட்டில் உருக்குங்கள். திருப்பூர் மாவட்டத்து ஊத்துக்குளி வெண்ணெய்க்கே பேர்போன ஊர். அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு நெய்யில் ஏமாற்று நடந்தால் முதல் உருண்டையிலேயே தெரிந்துவிடும்.

இனிப்பு இரண்டு சொல்கிறேன். அன்றாடத்துக்கு நெருக்கமானது சந்தகையும் தேங்காய்ப்பாலும். இடியாப்பம் மாதிரி தெரியும், ஆனால் மாவைப் பிழிந்து வேகவைப்பதில்லை, வேகவைத்துப் பிழிவது. இரண்டு கப் இட்லி அரிசியை நாலு மணி நேரம் ஊறவைத்து, உப்புப் போட்டு வெண்ணெய் மாதிரி அரையுங்கள். உளுந்து வேண்டாம், புளிக்கவும் வேண்டாம். இட்லித் தட்டில் ஊற்றி வேகவைத்து, சூடு தணியுமுன் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஊரில் மூன்று கால் வைத்த சந்தகை மரம் இருக்கும்; ஒருவர் பிடிக்க ஒருவர் பிழிவார். ஆறிவிட்டால் எந்தப் பயில்வானாலும் பிழிய முடியாது, எனவே நாலு நாலு இட்லியாக எடுங்கள், மற்றது ஆவியிலேயே இருக்கட்டும். முறுக்கு அச்சிலும் செய்யலாம், கை வலிக்கும். ஒரு முழுத் தேங்காயில் கெட்டிப் பால் எடுத்து நாட்டுச் சர்க்கரையும் ஏலக்காயும் கலந்துகொள்ளுங்கள். பாலைக் கொதிக்கவிடாதீர்கள், திரிந்துவிடும். மிஞ்சிய சந்தகையை எலுமிச்சை பிழிந்து தாளித்தால் ராத்திரிச் சிற்றுண்டி ஆயிற்று.

விருந்துக்கு ஒப்புட்டு. மேல்மாவுக்கு ஒரு கப் மைதா, சிட்டிகை உப்பு, சிட்டிகை மஞ்சள், தண்ணீர் விட்டுக் கையில் ஒட்டுகிற அளவுக்குத் தளர்வாகப் பிசைந்து, மேலே நாலு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். இந்த ஊறல்தான் எல்லாம். அவசரப்பட்டால் தட்டும்போது கிழியும். ஒரு கப் கடலைப்பருப்பு நசுக்கினால் உடையும் பதத்தில் வெந்ததும் வடித்து, முக்கால் கப் வெல்லம், அரை கப் தேங்காய்த் துருவல், ஏலக்காய் சேர்த்து அரைத்து, அடுப்பில் ஒரு கிளறு கிளறி உருண்டை பிடியுங்கள். பூரணம் தளர்வாக இருந்தால் கதை முடிந்தது, இன்னும் கொஞ்சம் வற்றவிடுங்கள். எண்ணெய் தடவிய வாழையிலையில் மாவை விரித்துப் பூரணத்தை வைத்து மூடித் தட்டி, இலையோடு கல்லில் கவிழ்த்து இலையை உரித்தெடுங்கள். இரண்டு பக்கமும் நெய். பருப்பு வடித்த தண்ணீரை இங்கேயும் கொட்டக் கூடாது. உங்கள் பெங்களூரில் அதில் ஒப்பட்டு சாறு வைப்பார்கள், பக்கத்து வீட்டில் கேட்டால் சொல்லித் தருவார்கள். அன்றைக்குக் கொள்ளு ரசத்துக்கு விடுமுறை.

ஆடி முதல் தேதியில் அவர்கள் உங்களோடு இருந்தால் தேங்காய் சுடும் நோம்பி பற்றிப் பேச்சு வரும். சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர்ப் பக்கம் அன்று தேங்காயின் நாரை வழவழவென்று தேய்த்து, ஒரு கண்ணைத் துளைத்துத் தண்ணீரை இறக்கிவிட்டு, வறுத்த பச்சைப்பயறு, எள்ளு, பொட்டுக்கடலை, அவல், வெல்லம் எல்லாம் உள்ளே அடைத்து, அந்தத் தண்ணீரிலேயே கொஞ்சம் திரும்ப ஊற்றி, கூராகச் சீவிய அழிஞ்சிக் குச்சியைச் செருகி நெருப்பில் வாட்டுவார்கள். ஓடு வெடித்ததும் பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடைத்துத் தின்பது. அபார்ட்மென்டில் தீ மூட்டினால் செக்யூரிட்டி மேலே ஏறி வந்துவிடுவார். மொட்டை மாடியில் அனுமதி கேட்டு ஒரு கரி அடுப்பில் செய்யலாம், குழந்தைகள் மறக்க மாட்டார்கள்.

முதல் நாள் ராத்திரி அரிசிம்பருப்பு, மறுநாள் காலை கூழ், மதியம் கொள்ளும் தட்டைப்பயறும் கீரையும், ஞாயிற்றுக்கிழமை கோழி, கிளம்புவதற்கு முந்தின நாள் ஒப்புட்டு. இந்த வரிசையில் போனால் உங்களுக்கும் மூச்சு வாங்காது. ஒப்புட்டு இரண்டு நாள் வெளியிலேயே தாங்கும், தேங்காய் போடாமல் செய்தால் இன்னும் ஒரு நாள் கூட. ரயிலுக்குக் கட்டிக் கொடுக்கலாம். அவர்கள் கிளம்பி வருமுன் ஒரு போன் போட்டு, வரும்போது செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் இரண்டு லிட்டர், கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை ஒரு கிலோ, இடமிருந்தால் வீட்டுச் சந்தகை மரம், இவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மரம் கனமானது, ரயிலில் மேல் பெர்த்தில் வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.